டர்பன் நகரில் ஒரு கேமரா



ஆப்பிரிக்கா என்றதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது? காடு, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, அப்படித்தானே? ஆனால் அங்கே பெரிய பெரிய நகரங்களும் உண்டு. அந்த நகரங்களில் நெரிசல், புழுதி, இரைச்சல் எல்லாம் உண்டு. பாட்டும் சிரிப்பும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு நகரம்தான் டர்பன். அது தென்னாப்பிரிக்காவில் கடற்கரையில் இருக்கிறது. பெரிய துறைமுகம் உள்ள ஊர்.

கேமராவோடு ஊர் ஊராகச் செல்பவர்கள் இந்த நகரத்துக்கு ஆசையோடு வருகிறார்கள். அவர்கள் அங்கே எதைப் பார்க்கிறார்கள்? எப்படிப் படம் எடுக்க வேண்டும்? இதை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? வாருங்கள், பார்ப்போம்.

நம் மக்கள் போன ஊர்

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள். 'டிரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல். அதில் 342 பேர் இருந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அவர்கள். 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் இப்படிக் கப்பல் ஏறினார்கள். தமிழரும் தெலுங்கரும் அவர்களில் ஏராளம்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு பலர் அங்கேயே தங்கினார்கள். காய்கறி பயிரிட்டார்கள். தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றார்கள். கோயில் கட்டினார்கள். இன்றும் டர்பனில் முருகன் கோயில் உண்டு, காவடி உண்டு. ரொட்டியின் நடுவைக் குடைந்து எடுத்துவிட்டுக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். அதற்குப் பெயர் 'பன்னி சௌ'. டர்பனில் பிறந்த சாப்பாடு அது.

வார்விக் சந்தை

நம் ஸ்ரீவராகத்திலிருந்து சாலை பஜார் கூப்பிடு தூரம்தான். அங்கே காலையில் எப்படி இருக்கும்? லாரி, மூட்டை, வாழைத்தார், வெங்காய வாசனை, தமிழும் மலையாளமும் கலந்த கூவல். டர்பனில் இருக்கும் வார்விக் சந்தையும் அப்படித்தான். ஆனால் அதைவிடப் பெரியது. ரயில் நிலையம், பஸ் நிலையம், சிறு வேன்கள் நிற்கும் இடம் எல்லாம் அதை ஒட்டியே இருக்கின்றன. நாள்தோறும் லட்சக்கணக்கானோர் அந்த வழியாகப் போகிறார்கள்.

அங்கே பல சந்தைகள் சேர்ந்து இருக்கின்றன. ஓரிடத்தில் பெண்கள் மாட்டுத்தலையை வேகவைத்து விற்கிறார்கள். இன்னோரிடத்தில் வேர், பட்டை, மூலிகை விற்கிறார்கள். இந்த மூலிகைச் சந்தை இருப்பது பயன்படாமல் கிடந்த மேம்பாலத்தின் மேலே! சூலு மக்களின் நாட்டு மருந்து அங்கே கிடைக்கும்.

அதிகாலைச் சந்தை என்று ஒன்றும் உண்டு. இந்தியக் காய்கறி விவசாயிகளுக்காக 1910-இல் ஏற்பட்ட சந்தை அது. 2009-இல் அதை இடித்துவிட்டுப் பெரிய வணிக வளாகம் கட்ட நகராட்சி திட்டமிட்டது. வியாபாரிகள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். இந்திய வியாபாரிகளும் ஆப்பிரிக்க வியாபாரிகளும் ஒன்றாக நின்றார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. சந்தை பிழைத்தது.

செருப்புத் தொழிலாளி படக்காரர் ஆனார்

டர்பனைப் படம் எடுத்தவர்களில் முக்கியமானவர் ரஞ்சித் கல்லி. இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். 1925-இல் டர்பனுக்கு அருகே இசிப்பிங்கோவில் பிறந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பழைய சாமான் விற்பனையில் ஆறு பென்னி கொடுத்து ஒரு சிறிய கேமரா வாங்கினார். அதை வைத்துத் தானாகவே தொழில் பழகினார். பிறகு 'டிரம்' என்ற பத்திரிகையில் சேர்ந்தார்.

அது நிறவெறி ஆட்சி நடந்த காலம். யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதைத் தோலின் நிறம் பார்த்து அரசு முடிவு செய்தது. அதற்காக 1950-இல் ஒரு சட்டமே வந்தது. டர்பனில் கேட்டோ மேனர் என்ற பகுதியில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் வாழ்ந்தார்கள். அது வெள்ளையருக்கு மட்டும் என்று அரசு அறிவித்தது. மக்களை வெளியேற்றியது. வீடுகளை இடித்தது. இந்தியர் பலரை சாட்ஸ்வர்த் என்ற புதிய இடத்துக்கு அனுப்பியது.

வீடு போனது. தெரு போனது. ஆனால் படம் இருந்தது. கல்லியும் அவரைப் போன்றவர்களும் எடுத்த படங்கள் இன்று சாட்சி சொல்கின்றன. 'இங்கே மக்கள் வாழ்ந்தார்கள், பாடினார்கள், கல்யாணம் செய்தார்கள்' என்று அவை காட்டுகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து முதன்முதலில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஆல்பர்ட் லுத்துலியையும் கல்லி படம் எடுத்தார். 2017-இல் அவர் காலமானார்.

கல்லி அந்த மக்களில் ஒருவர். அவர்களுடைய பெயரும் பாடும் அவருக்குத் தெரியும். அதனால் அவர் படங்களில் ஏழைகள் வேடிக்கைப் பொருளாக இல்லை. மனிதர்களாக இருக்கிறார்கள்.

வெளியூர்க்காரர் என்ன செய்ய வேண்டும்?

சந்தைக்குப் போனதும் கேமராவை நீட்டக்கூடாது. முதலில் நடக்க வேண்டும், பார்க்க வேண்டும், பேச வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வது நல்லது. வழியும் தெரியும், பாதுகாப்பும் கிடைக்கும். படம் எடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்றால் விட்டுவிட வேண்டும். குப்பையை மட்டும் எடுத்துவிட்டு 'இதுதான் ஆப்பிரிக்கா' என்று சொன்னால் அது பாதிப் பொய். உழைப்பையும் எடுக்க வேண்டும்.

இது நம்மைப் பற்றியதும்தான்

இன்று சாலை பஜாருக்கும் கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். போனிலேயே படம் எடுக்கலாம். மூட்டை தூக்குபவர், பூக்கட்டுபவர், மீன் விற்பவர் என்று நம்மைத்தான் எடுக்கிறார்கள். அப்போது நாம் கேட்கலாம்: 'நீங்கள் யார்? எதற்காக எடுக்கிறீர்கள்? எங்கே போடுவீர்கள்?' இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம்.

நாமும் படம் எடுக்கலாம். நம் தெரு, நம் கடை, நம் பெரியவர்கள். படத்தின் பின்பக்கம் பெயரையும் இடத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். போனில் இருக்கும் படம் என்றால் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுதத்தான் கற்றுக்கொண்டோமே! பெயர் இல்லாத படம் நம் பேரப்பிள்ளைகளுக்கு யார் என்றே சொல்லாது.

பேசிப் பார்ப்போம்

1. டர்பன் அதிகாலைச் சந்தை எப்படிக் காப்பாற்றப்பட்டது?

2. உங்களைக் கேட்காமல் யாராவது படம் எடுத்திருக்கிறார்களா? நீங்கள் என்ன செய்தீர்கள்?

3. உங்கள் தெருவில் இப்போது இல்லாத ஒரு கடை அல்லது வீட்டைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.