உறவுகளைத் தேடித் தரும் வேலை

பிறருடைய குடும்ப வரலாற்றைத் தேடித் தருவதற்கு இந்தியாவில் உரிமமோ பட்டமோ தேவையில்லை. பழைய பதிவேடுகளைப் படிக்கத் தெரிய வேண்டும், ஊர்ப் பெரியவர்களிடம் பேசத் தெரிய வேண்டும். எந்த ஊர் எந்த ஆண்டில் எந்த நிர்வாகத்தின் கீழ் இருந்தது என்பதும் அத்துப்படியாக இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் பலர் இடறுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். இம்மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று உருவானது. அதற்கு முன் 1993 முதல் இது விழுப்புரம் மாவட்டம்; அதற்கும் முன்னால் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு. கொள்ளுத்தாத்தா காலத்துக் காகிதத்தை இன்றைய மாவட்ட அலுவலகத்தில் மட்டும் தேடுபவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். விழுப்புரம், கடலூர், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று தேடல் நீளும்.

இப்படித் தேடச் சொல்பவர்களில் கடல் கடந்தவர்களின் வாரிசுகள் முக்கியமானவர்கள். சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து அங்கே சென்றார்கள். பெரும்பாலானோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்கள் அவர்களில் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று கப்பல் பட்டியலில் எழுதிவைத்தார்கள். அந்த ஒற்றை வரியே தேடலின் நுழைவாயில்.

ஆனால் அந்த வரியை எழுதியவர் ஆங்கிலம் படித்த எழுத்தர். கிராமத்துக்காரர் வாயால் சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். அக்கால அரசுப் புத்தகங்களிலேயே ‘கள்ளக்குர்ச்சி’ என்றுதான் இருக்கிறது; சிற்றூர்களின் பெயர் எப்படியெல்லாம் திரிந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்நாளைய கள்ளக்குறிச்சி தாலுகா மிகப் பெரியது. இன்றைய சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகளும் அதற்குள் அடங்கும். ஒரே பெயரில் மூன்று நான்கு ஊர்கள் இருப்பதும் உண்டு. எனவே பட்டியலில் உள்ள ஊர்ப்பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அந்த ஒலிக்குப் பொருந்தும் எல்லா ஊர்களையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். டர்பனில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்ட படையாச்சி, கவுண்டர் போன்ற பட்டங்கள் திசை காட்டும். ஆனாலும் அவற்றைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. போன இடத்தில் பட்டத்தை மாற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

காலத்தைக் கணிப்பது அடுத்த கலை. “தாது வருஷப் பஞ்சத்தில் கப்பலேறினார்” என்று ஒரு குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வரலாம். தாது வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1876–77, 1936–37, 1996–97. பஞ்சம் என்ற சொல் முதலாவதைச் சுட்டுகிறது. அந்தப் பெரும்பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு இடையில் நின்றுபோயிருந்த ஆளேற்றம் 1874-ல் மறுபடி தொடங்கியிருந்தது. இரண்டும் பொருந்துவதால் அந்த வாய்மொழியை நம்பிக் கப்பல் பட்டியலுக்குப் போகலாம். அடங்கல் போன்ற கிராம வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு இருக்கும். அதோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. இந்தக் கணக்குத் தெரியாதவர் அடங்கலைக் கையில் வாங்கியும் பயனில்லை.

உள்ளூர்த் தேடலில் பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய பத்திரங்கள் ஆகியவை கைகொடுக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் போதும். தகப்பன், பிள்ளைகள், பேரன்கள் என்று மூன்று தலைமுறை அதில் ஒரே இடத்தில் நிற்கும். ஆனால் இந்த ஆவணங்களில் பெண்கள் அநேகமாக இல்லை. நிலம் ஆண்கள் பெயரில் இருந்ததால் குடும்பத்தின் பாதி வரலாறு காகிதத்திலிருந்து விடுபட்டுப்போயிற்று. கப்பல் பட்டியலிலோ பெண்ணுக்கும் தனி எண், தனி வரி உண்டு. உள்ளூரில் அந்தக் குறையை ஈடுசெய்ய, வீட்டின் மூத்த பெண்மணியிடம் உட்கார்ந்து, “எந்த ஊருக்குப் பெண் கொடுத்தீங்க, எந்த ஊரிலிருந்து எடுத்தீங்க?” என்று கேட்பதே நல்ல வழி. தாத்தாக்கள் நிலத்தை நினைவு வைத்திருப்பார்கள். பாட்டிகள் சம்பந்திகளை நினைவு வைத்திருப்பார்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் ஏறியதும் முறையே மாறிவிடுகிறது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. 1976-ல்தான் அரசு நேரடியாக ஏற்றது. ஆகவே சாதாரண மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கு அதற்கு முந்திய நில ஆவணம் கிடைப்பது அரிது. இங்கே பங்காளிகள் யார், மாமன் மச்சான் யார் என்ற பிரிவும் குலதெய்வமும்தான் பதிவேடு. பங்காளிக்குள் கல்யாணம் கிடையாது என்பதால், யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தாலே வம்சாவளி உருவம் பெறும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்ற கதையும் சொல்வார்கள். அதை மரியாதையோடு கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். குடும்ப மரத்தின் வேராக வரைந்துவிடக் கூடாது.

மலையில் இந்த வேலைக்குச் சட்டப் பயனும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள், வம்சாவளியையும் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலத்தையும் சான்றுகளாக ஏற்கின்றன. பழங்குடியல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தொண்ணூறு வயதுக்காரர் ஒருவர் சொல்வதைத் தேதி, இடம், சாட்சிகளோடு எழுதி வாங்குவது அத்தகைய குடும்பத்துக்குப் பேருதவி.

ஊருக்குள் முன்பின் தெரியாதவர் வந்து பரம்பரையை விசாரித்தால், “சொத்தில் பங்கு கேட்க வந்திருப்பாரோ” என்ற பயம் இயல்பாக எழும். யாருக்காக, எதற்காக வந்திருக்கிறோம் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். உயிரோடிருப்பவர்களின் விவரத்தை அவர்கள் சம்மதமின்றி வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பக் கூடாது. இரண்டாம் தாரம், சாதி மாறிய கல்யாணம் போன்றவை வெளிப்படும்போது வாயடக்கம் வேண்டும்.

இறுதியில் கொடுக்கும் அறிக்கையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எங்கிருந்து கிடைத்தது என்று குறிக்க வேண்டும்: பதிவேட்டில் உள்ளது, பெரியவர் சொன்னது, ஊகம் என மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஆட்சேர்ப்பவர்களிடம் பொய்ப் பெயரும் பொய் ஊரும் சொல்லிக் கப்பலேறியவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வழி கிடைக்காமலே போகலாம். அப்போது எங்கெல்லாம் தேடப்பட்டது என்ற பட்டியலையாவது கொடுத்தால், பின்னால் தேட வருபவர் அங்கிருந்து தொடர முடியும்.