திசு அறிக்கையில் ‘பி16 பாசிட்டிவ்’ என்றால் என்ன?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான திசு ஆய்வு அறிக்கை கைக்கு வந்ததும், குடும்பத்தினரின் கண்கள் முதலில் ‘பாசிட்டிவ்’ என்னும் சொல்லில் சென்று நிற்கின்றன. நோய் முற்றிவிட்டது என்று அஞ்சுவோர் பலர். திசுக் குறிப்பான்களைப் பொறுத்தவரை அவ்வச்சம் பெரும்பாலும் பொருந்தாது.

கருப்பைவாயிலிருந்து எடுக்கப்படும் சிறு துண்டு, பார்மலினில் பதப்படுத்தப்பட்டு மெழுகில் பதிக்கப்படுகிறது. பின்னர் மிக மெல்லிய சீவல்களாக வெட்டப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு புரதத்துடன் மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சீவலின் மீது இட்டு நிறமேற்றினால், அப்புரதம் உள்ள இடம் பழுப்பாகத் தெரியும். நிறம் பிடித்தால் ‘பாசிட்டிவ்’. சொல்லின் பொருள் அவ்வளவே.

எச்பிவி என்னும் வைரஸ், உயிரணுவின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்பி என்ற புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அதன் விளைவாகப் பி16 என்னும் வேறொரு புரதம் உயிரணுவில் மிகுதியாகச் சேர்கிறது. ஆகவே பி16 பாசிட்டிவ் எனில், அந்தப் புற்று எச்பிவியால் தோன்றியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வகைப்பாடு இந்நோயை எச்பிவி சார்ந்தது, சாராதது எனப் பிரிக்கிறது. சாராத வகை குறைவாகவே காணப்படுகிறது. ஆயினும் பொதுவாகக் கடுமையான போக்குடையது அதுவே.

எச்பிவி உடலுறவின் வழியே பரவுவதால், இவ்வரியைப் படித்த பின் கணவன் மனைவியரிடையே ஐயம் எழுவதுண்டு. மணவாழ்வில் உள்ளோரில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்றைப் பெறுகின்றனர். பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருந்த பின்னரே சிலரிடம் அது புற்றாகிறது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தச் சோதனையும் கூறாது. இவ்வறிக்கையைக் கொண்டு ஒருவருடைய ஒழுக்கத்தை எடைபோடுவது அறியாமை. நோயாளிக்கு இழைக்கும் கொடுமையுங்கூட.

‘கே.ஐ-67: 80 விழுக்காடு’ என்பதும் அவ்வாறே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. எண்ணப்பட்ட புற்றணுக்களில் நூற்றுக்கு எண்பது பெருகும் நிலையில் உள்ளன என்பதே அதன் பொருள்; உடலில் நோய் பரவிய அளவை அது குறிப்பதில்லை. அவ்வெண் நோயின் போக்கை எந்த அளவுக்கு முன்னறிவிக்கும் என்பதில் ஆய்வுகள் இன்னும் உடன்படவில்லை.

கட்டியின் அளவு, அது எட்டியுள்ள எல்லை, நிணநீர்க் கணுக்களின் நிலை ஆகியவையே இன்றும் மருத்துவரின் கணிப்பில் முதன்மை பெறுகின்றன. 2018ஆம் ஆண்டின் பன்னாட்டு வகைப்பாட்டின்படி, கணுக்களுக்குப் பரவிய நோய், கட்டி சிறிதாயினும், மூன்றாம் நிலையாகக் கருதப்படுகிறது.

சிகிச்சையை நேரடியாக மாற்றக்கூடிய குறிப்பானும் ஒன்று உண்டு. நோய் மீண்டும் வந்தாலோ பிற உறுப்புகளுக்குப் பரவினாலோ பிடி-எல்1 சோதிக்கப்படுகிறது. அதன் சிபிஎஸ் மதிப்பெண் 1 அல்லது அதற்கு மேல் இருப்பின், பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தைக் கீமோதெரபியுடன் சேர்ப்பது பற்றி மருத்துவர் பேசக்கூடும்.

வேறு மருத்துவமனையில் கருத்துக் கேட்க விரும்புவோர், அறிக்கையுடன் ‘பிளாக்’ எனப்படும் மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் கேட்டுப் பெறுக. அவை கையில் இருந்தால், புதிய குறிப்பானைச் சோதிக்கப் பல வேளைகளில் மீண்டும் திசு எடுக்கத் தேவையிராது.