சாக்லேட்டும் கைப்பக்குவமும்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே நமது நகரங்களில் அட்டைப் பெட்டிகளின் ஊர்வலம் தொடங்கிவிடுகிறது. பளபளக்கும் காகிதம் சுற்றிய சாக்லேட் பெட்டிகள் கடையிலிருந்து காரியாலயத்துக்கும், காரியாலயத்திலிருந்து வீட்டுக்கும், அந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கும் பிரயாணம் செய்கின்றன. நாம் கொடுத்த பெட்டியே நாலு வீடு சுற்றி, மேலே ஒட்டிய சீட்டு மட்டும் மாறி, நம்மிடமே திரும்பி வந்து சேருவதும் உண்டு. யாரும் திறவாமல் ஊர் சுற்றும் பெட்டியில் இனிப்பு இருக்கலாம். அன்பு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

பக்ஷணத் தட்டின் கதை அப்படியன்று. துணி போட்டு மூடிய தட்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனால், ஒரு விள்ளல் வாயில் போட்டதுமே அது யார் வீட்டுக் கைப்பக்குவம் என்று சொல்லிவிடுவார்கள். தேன்குழலில் உப்பு ஒரு கல் கூடிப்போயிற்று என்று குறை சொல்வதிலும் ஓர் உறவு இருந்தது. அட்டைப் பெட்டியைப் பற்றிக் குறை சொல்லக்கூட யாருக்கும் தோன்றுவதில்லை.

"முறுக்கும் லாடுவும் வீட்டில் செய்யலாம், குழந்தைகள் கேட்பது சாக்லேட் ஆயிற்றே! அதற்கு யந்திரமும் தொழிற்சாலையும் அல்லவா வேண்டும்?" என்று நேயர்கள் கேட்கக் கூடும். கோக்கோக் கொட்டையைப் பட்டுப்போல் அரைப்பதற்கு யந்திரம் வேண்டியதுதான். ஆனால் அரைத்து வந்த பொருளை உருக்கி, உருட்டி, பண்டிகைப் பரிசாக்குவதற்கு ஓர் அடுப்பும் இரண்டு பாத்திரங்களும் கொஞ்சம் பொறுமையும் போதும். மைசூர்பாகு கிளறிப் பழகிய கைக்கு இது பெரிய வித்தையே அல்ல.

குடித்த பண்டம் தின்பண்டமான கதை

சாக்லேட் என்பது ஆதியில் தின்னும் பொருளாகவே இருக்கவில்லை. மெக்ஸிகோவிலும் அதையடுத்த பிரதேசங்களிலும் வாழ்ந்த பழங்குடி மக்கள் கோக்கோக் கொட்டையை அரைத்து, நுரைக்க ஆற்றிப் பானமாகக் குடித்தார்கள். கொட்டைகளை நாணயமாகவும் வழங்கினார்கள். 1828-ல் ஹாலந்தில் வான் ஹூட்டன் என்பவர் கோக்கோவை அழுத்தி அதிலுள்ள கொழுப்பைப் பிரித்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அந்தக் கொழுப்புக்குத்தான் கோக்கோ வெண்ணெய் என்று பெயர். 1847-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை கம்பெனியார் கோக்கோத் தூளையும் சர்க்கரையையும் கோக்கோ வெண்ணெயையும் சேர்த்து, கடித்துத் தின்னும் பாளமாக வார்த்தார்கள். 1875-ல் ஸ்விட்ஜர்லாந்தில் டானியல் பீட்டர் அதில் பாலையும் கலந்தார். ஆக, நமது குழந்தைகள் அடம் பிடித்து வாங்கும் இந்தப் பண்டத்துக்கு இன்னும் இருநூறு வயதுகூட நிரம்பவில்லை.

பிரிகேடியர் உருண்டை

முதன்முதல் செய்து பார்க்க ஏற்றது பிரேஸில் தேசத்து வீடுகளில் செய்யும் ஒரு சாக்லேட் உருண்டை. அந்நாட்டில் பிறந்தநாள் விருந்து எதுவும் இது இல்லாமல் நடப்பதில்லை. 'பிரிகடேரோ' என்று இதற்குப் பெயர். பிரிகேடியர் என்றே அர்த்தம். 1945-ல் நடந்த ஜனாதிபதி தேர்தலில் எடுவார்டோ கோமெஸ் என்ற விமானப்படை பிரிகேடியர் ஓர் அபேட்சகராக நின்றார். அவரை ஆதரித்த பெண்மணிகள் இந்த உருண்டையைச் செய்து விற்றுத் தேர்தல் நிதி திரட்டினார்கள் என்றும், அதனாலேயே இப்பெயர் வந்ததென்றும் சொல்லுகிறார்கள். தேர்தலில் பிரிகேடியர் தோற்றுப் போனார், உருண்டை ஜயித்துவிட்டது.

செய்முறை இதுதான். சர்க்கரை சேர்த்துச் சுண்டிய டப்பாப் பால் 400 கிராம், இனிப்புச் சேராத கோக்கோத் தூள் மூன்று மேஜைக் கரண்டி, வெண்ணெய் ஒரு மேஜைக் கரண்டி. மூன்றையும் அடி கனத்த பாத்திரத்தில் இட்டு, கட்டியில்லாமல் கலந்து, பிறகு இளந்தீயில் வைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும். பத்து அல்லது பதினைந்து நிமிஷத்தில் கலவை திரண்டு, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும். கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, கோடு மெதுவாக மூட வேண்டும். அல்வாப் பதம் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை. நெய் தடவிய தட்டில் கொட்டி நன்றாக ஆறவிட்டு, உள்ளங்கையிலும் நெய் தடவிக் கொண்டு, நெல்லிக்காய் அளவு உருட்டலாம். பிரேஸிலில் சாக்லேட் துருவலில் புரட்டுவார்கள். பொடியாக நறுக்கி வறுத்த முந்திரியும், ஈரம் போக வறுத்த தேங்காய்த் துருவலும் அதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல. உருட்டுகிற வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடலாம். எண்ணிக்கையில் இரண்டு மூன்று குறைந்தால் விசாரணை வைக்க வேண்டாம்.

கோக்கோ வெண்ணெயின் குணம்

இரண்டாவது பண்டம் முந்திரிக் கொத்து. இதற்கு வேண்டியது நல்ல கறுப்புச் சாக்லேட் பாளம் 250 கிராம், வறுத்து ஆறிய முந்திரியோ வேர்க்கடலையோ 150 கிராம், ஒரு பிடி உலர்ந்த திராக்ஷை. சாக்லேட்டை உருக்கி, இவற்றை அதில் போட்டுப் புரட்டி, ஒவ்வொரு கரண்டியாக எண்ணெய்க் காகிதத்தில் வைத்து இறுகவிட வேண்டியது, அவ்வளவுதான். ஆனால் இந்த 'உருக்கி' என்ற ஒரு வார்த்தையில்தான் சூட்சுமம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கோக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி உஷ்ணத்தில் உருகும். நமது தேக உஷ்ணம் 37 டிகிரி. வாயில் வைத்ததும் சாக்லேட் கரைந்து போகும் அதிசயத்துக்கு இந்த மூன்று டிகிரி வித்தியாசமே காரணம். சித்திரை வெயிலில் அது சட்டைப் பையிலேயே கரைந்து விடுவதற்கும் காரணம் அதுவேதான்.

ஆகவே சாக்லேட்டை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் வெந்நீர் வைத்து, அதன் வாயில் இன்னொரு பாத்திரத்தைப் பொருத்தி, ஆவியின் சூட்டிலேயே உருக்க வேண்டும். மேல் பாத்திரத்தில் ஒரு சொட்டு ஜலமும் படலாகாது. சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகளும் கோக்கோத் துகளுந்தான். ஒரு சொட்டு ஈரம் பட்டால் சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாகாக இருந்தது களிமண் போல் இறுகிவிடும். அப்படி நேர்ந்துவிட்டால் தூர எறிய வேண்டியதில்லை. சூடான பாலை ஊற்றிக் கரைத்தால் வீட்டார் எல்லோருக்கும் அருமையான பானம் ஆயிற்று!

இன்னொரு விஷயம். உருக்கிய சாக்லேட்டை அப்படியே ஆறவிட்டால் மேலே வெள்ளை படர்ந்து மங்கிப் போகும்; உடைத்தால் 'டக்'கென்ற ஓசை வராது. கோக்கோ வெண்ணெய் உறையும்போது பல விதமான படிகங்களாக அமையக் கூடும். அவற்றில் ஒரு விதந்தான் பளபளப்பையும் உறுதியையும் தருவது. அதை வரவழைப்பதற்குச் சுலபமான உபாயம் உண்டு. பாளத்தைப் பொடியாக நறுக்கி, மூன்றில் இரண்டு பங்கை மட்டும் 45 முதல் 50 டிகிரி வரையில் உருக்கவும். அடுப்பிலிருந்து இறக்கியதும், மீதி ஒரு பங்கைச் சிறிது சிறிதாகப் போட்டு, 31 அல்லது 32 டிகிரிக்கு வரும் வரையில் கிளறவும். புதிதாகப் போட்ட துண்டுகளில் உள்ள நல்ல படிகங்கள், பாலுக்கு உறைமோர் போல, மற்றதையும் தம் வழிக்குக் கொண்டுவந்துவிடும். உஷ்ணமானி இல்லாதவர்கள் ஒரு துளியைக் கீழுதட்டுக்கு அடியில் தொட்டுப் பார்க்கலாம். இலேசாகக் குளிர்ந்தால் பதம் சரி.

கடையில் பாளம் வாங்கும்போது பின்புறத்துச் சீட்டைப் படிப்பது அவசியம். கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்த மலிவுப் பாளங்களும் உண்டு. 'காம்பவுண்டு' என்று வியாபாரிகள் சொல்வது அதைத்தான். அதற்கு மேற்கண்ட படிகச் சடங்கு எதுவும் வேண்டியதில்லை, வேலை எளிது. ஆனால் நாக்கில் மெழுகு போல் நிற்கும். எதை வாங்குவதானாலும் தெரிந்து வாங்குவது நல்லது.

கொட்டை எங்கிருந்து வருகிறது?

சீட்டைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இன்னொரு கேள்வியும் தானே எழும். இந்தக் கோக்கோவை விளைவித்தவர் யார்?

உலகத்துக் கோக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்று 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவ்விரு நாடுகளிலும் கோக்கோ சாகுபடியில் உழைக்கும் குழந்தைகள் சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் பேர். காய்களைப் பிளக்கக் கூரிய கத்தியைப் பிடிப்பதும், தாங்க முடியாத பாரத்தைச் சுமப்பதும் அந்தப் பிஞ்சுக் கைகளின் வேலை. பெரும்பாலோர் தங்கள் குடும்பத்து நிலத்திலேயே பாடுபடுகிறார்கள். கொட்டைக்குக் கிடைக்கும் விலை கூலியாள் வைக்கப் போதவில்லை. பெற்றோர் என்ன செய்வார்கள்? நமது வீட்டுக் குழந்தை விளையாட்டாக உருட்டுகிற உருண்டைக்காக, இன்னொரு தாயின் குழந்தை பள்ளிக்கூடம் போகாமல் தோட்டத்தில் நிற்பதென்றால், அந்த இனிப்பு நமது தொண்டையில் எப்படி இறங்கும்?

நம் பக்கத்திலேயே கோக்கோ விளைகிறது என்பது பலருக்குத் தெரியாது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பிரதேசத்துத் தென்னந்தோப்புகளில், தென்னை நிழலில் ஊடுபயிராக வளர்க்கிறார்கள். மரத்தின் அடித்தண்டிலேயே காய்கள் தொங்கும். காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு கூடிய கொட்டைகளைக் குவித்து மூடி, சுமார் ஆறு நாள் புளிக்க வைத்து, பிறகு வெயிலில் உலர்த்துவார்கள். புளிக்காத கொட்டையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் வாசனை வராது. கர்நாடகத்திலும் கேரளத்திலும் உள்ள பாக்கு விவசாயிகள் 1973-ல் மங்களூரில் அமைத்த 'காம்ப்கோ' என்ற கூட்டுறவுச் சங்கம், 1986 முதல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் தொழிற்சாலையே நடத்திவருகிறது. நமது தேவை முழுவதற்கும் இந்நாட்டு விளைச்சல் போதாது என்பது உண்மை. ஆயினும் எந்த ஊர்த் தோட்டம், எவருடைய உழைப்பு என்று பகிரங்கமாகச் சொல்லி விற்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களைத் தேடி வாங்குவது பெரிய தியாகம் ஒன்றுமல்ல. பளபளப்பான பெட்டி வாங்குகிறவருக்கு இந்தக் கேள்வி கேட்கச் சந்தர்ப்பமே இல்லை. வீட்டில் செய்கிறவருக்கு, பாளத்தைக் கையில் எடுக்கும்போதே அது கிடைத்துவிடுகிறது.

கொடுக்கும் முறை

செய்த பண்டத்தைச் சிறு காகிதக் கிண்ணங்களில் வைத்து, ஓலைப் பெட்டியிலோ மூடியுள்ள தகர டப்பாவிலோ அடுக்கலாம். முந்திரிக் கொத்து குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருக்கும். பிரிகேடியர் உருண்டையை மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவது உத்தமம். அதற்குமேல் இருக்குமோ என்ற கவலை பெரும்பாலும் ஏற்படுவதில்லை. வெயில் ஏறுமுன் அனுப்புவது விவேகம். தீபாவளி விடியற்காலையில் விநியோகம் செய்யும் வழக்கம் சாக்லேட்டுக்கென்றே ஏற்பட்டது போல் பொருந்துகிறது. பெட்டிக்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைப்பது மரியாதை. வேர்க்கடலையும் முந்திரியும் சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். சாக்லேட் நாய்க்கு விஷம்.

முதல் தடவை செய்யும் கொத்து கடைச் சாக்லேட்டைப் போல் ஒரே அளவாக இராது. ஒன்று பெரிதாகவும் ஒன்று கோணலாகவும் இருக்கும். இருக்கட்டும்! அடுத்த வீட்டு மாமி அதைப் பார்த்ததுமே, "இது உங்கள் வீட்டில் செய்தது அல்லவா?" என்று கேட்பாள். அட்டைப் பெட்டியைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. வருகிற பண்டிகைக்கு நேயர்கள் ஒரே ஒரு டப்பாவாவது செய்து, ஒரே ஒரு வீட்டுக்காவது அனுப்பிப் பார்க்கட்டும். டப்பா வெறுமனே திரும்பி வராது என்பது மட்டும் நிச்சயம்.