மணல் பார்த்து ஓட்டும் வண்டி

2004 மார்ச் 13 அன்று அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் நடந்த பந்தயத்துக்கு 15 வண்டிகள் தேர்வாகியிருந்தன. எதிலும் டிரைவர் கிடையாது. அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய பந்தயம் அது. தூரம் சுமார் 240 கிலோமீட்டர், பரிசு 10 லட்சம் டாலர். ஒரு வண்டிகூடப் போய்ச் சேரவில்லை. அதிக தூரம் போன ‘சாண்ட்ஸ்டார்ம்’, 12 கிலோமீட்டரைத் தொடுவதற்குள் கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்டது.

தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டிய நம்மூர் டிரைவர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறந்தது 2017 ஜூலையில்தான். அதுவரை ஏது ரோடு? ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா, நடுவே மணலும் தேங்கிய தண்ணீரும். வெளுத்த மணல் பொலபொலவென்று கிடக்கும், சக்கரம் புதையும். ஈரத்தில் கறுத்த மணல் இறுகியிருக்கும். சில இடங்களில் மேலே இறுக்கம், அடியில் சேறு. முன்னே போன வண்டியின் தடம்தான் துணை. தண்ணீர் அதை அழித்துவிட்டால் கண்ணை நம்ப வேண்டியதுதான்.

2005 அக்டோபர் 8 அன்று அதே பந்தயத்தில் ஜெயித்த ‘ஸ்டான்லி’ செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ருன் குழு ஒரு ஃபோக்ஸ்வாகன் காரை மாற்றி உருவாக்கிய வண்டி அது. கூரையிலிருந்த லேசர்களுக்கு முன்னால் இருபது மீட்டர் சொச்சம்தான் தெரியும். அதை மட்டும் நம்பினால் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. அதனால், லேசர் ‘நல்ல தரை’ என்று சொன்ன இடத்தின் நிறத்தைக் கேமரா பிடித்துக்கொண்டு, அந்த நிறம் தொலைவில் எதுவரை நீள்கிறது என்று தேடியது. தரை மாற மாற, நிறக்கணக்கையும் போகிற போக்கிலேயே திருத்திக்கொண்டது. 212 கிலோமீட்டரை 6 மணி 54 நிமிடத்தில் முடித்து 20 லட்சம் டாலரைத் தட்டிச் சென்றது.

இரண்டாம், மூன்றாம் இடங்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே 1979-ல் ரோபோ ஆய்வு நிலையம் தொடங்கியபோது முதல் இயக்குநர் ராஜ் ரெட்டி, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். கிண்டிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

நம் பக்கத்துக் கதை ஆவடியில். ராமேஸ்வரத்தை அடுத்த பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவகம் திறந்த அதே 2017 ஜூலையில், அவர் நினைவாக ஆவடியில் நடந்த கண்காட்சியில் ‘முந்த்ரா’ என்ற ஆளில்லா வண்டியை வைத்தார்கள். அங்குள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையத்தின் தயாரிப்பு. கண்காணிக்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, அணுக்கதிர்வீச்சு போன்ற ஆபத்துள்ள இடங்களுக்கு ஒன்று என மூன்று வகை. ராஜஸ்தானின் மகாஜன் சுடுதளத்து வெயிலில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். டாங்கி போலச் சங்கிலிப் பட்டையில் ஓடுவதால் மணலில் புதையும் பயம் குறைவு. ஆனால் தொலைவிலிருந்து ஒருவர் ஓட்ட வேண்டும். இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொஹாவியில் நிறம் பார்த்துத் தரையை நம்பலாம். கண்ணிவெடி புதைத்த இடத்தில் எல்லா மணலும் ஒரே நிறம்தான்.