ஓடிப்போன ஆமையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது பழமொழி. எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். ஆமை வீட்டை விட்டு வெளியேறியது. அதன் பிறகு மூன்று நாட்கள் எங்கள் வீடு உருப்படவில்லை!

சிரிக்காதீர்கள் நண்பர்களே. விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பி, "எங்க வீட்டு ஆமை ஓடிப்போச்சுடா" என்று நான் சொன்னபோது அறை நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அது ஓடி முடிக்கிற வரைக்கும் நீங்கள்லாம் என்னடா பண்ணிட்டிருந்தீங்க?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. உடைமரமும் சப்பாத்திக்கள்ளியும், நடுநடுவே கடலைக் கொல்லைகளும். நான் சிறுவனாக இருந்தபோது கொல்லை உழுகையில் கிடைத்த ஒரு நட்சத்திர ஆமையைத் தாத்தா துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்கும். "துரை" என்று பெயர் வைத்தார். பாட்டி இறந்த பிறகு தாத்தாவுக்குப் பேச்சுத்துணையே துரைதான். தினமும் காலையில் அகத்திக்கீரையும் செம்பருத்திப் பூவும் கொண்டுபோய் வைத்து, "தின்னுடா துரை" என்று பக்கத்திலேயே குந்திக்கொள்வார்.

2024 தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒரு நாள் இரவு நல்ல மழை. காலையில் எட்டு மணிக்குத் தாத்தா கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால் துரை இல்லை. வேலிப் படலுக்கு அடியில் மண் கரைந்து ஒரு சாண் அகலத்துக்குச் சந்து விழுந்திருந்தது.

முதல் நாள் செய்த முட்டாள்தனம்

ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். நானும் சித்தப்பா மகனும் பைக்கில் மெயின் ரோடு வரை போனோம். கண்மாய்க் கரையைச் சுற்றினோம். "துரை... துரை..." என்று கூப்பிட்டுக்கொண்டே போனோம். ஆமைக்குக் காது மந்தம். தரை அதிர்ந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாங்கள் போட்ட கூச்சலில் அது பக்கத்திலேயே இருந்திருந்தாலும் கல்லு மாதிரி கிடந்திருக்கும்.

அன்று செய்த ஒரே நல்ல காரியம் அப்பா செய்தது. முதல் வேலையாகக் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர்த் தொட்டியைப் பலகை போட்டு மூடினார். எல்லா ஆமையும் நீந்தும் என்று நினைக்கிறோம். நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது, நீந்தத் தெரியாது. தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிடும். ஆகவே தேடும்முன் கிணறு, தொட்டி, சாக்கடை, தெருநாய் இந்த நான்கையும் கவனியுங்கள்.

அன்று இரவு தாத்தா சாப்பிடவில்லை. "வயித்துல மந்தமா இருக்கு" என்று திண்ணையில் படுத்துவிட்டார்.

கணக்குப் போட்டேன்

எனக்கும் தூக்கம் வரவில்லை. நோட்டை எடுத்தேன். சின்ன வயதில் துரையை ஓடவிட்டு நேரம் பார்த்திருக்கிறேன். எங்கள் திண்ணை 20 அடி. கடக்க சுமார் ஒரு நிமிடம். அதாவது நிமிடத்துக்கு 6 மீட்டர், மணிக்கு 360 மீட்டர். இரவில் ஆமை நடக்காது. விடிந்து ஆறு மணிக்குக் கிளம்பியது என்றால் எட்டு மணிக்குள் 720 மீட்டர் போயிருக்கலாம். எந்தத் திசை என்று தெரியாததால் அந்த ஆரத்துக்கு ஒரு வட்டம். பரப்பளவு எவ்வளவு தெரியுமா? சுமார் 400 ஏக்கர்!

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. ஆமை நிற்காமல் நேர்கோட்டில் நடக்கும் என்று வைத்துக்கொண்டது தப்பு. அதற்கு உடல் சூடு உள்ளிருந்து வருவதில்லை. வெயிலில் காய்ந்தால்தான் கை கால் ஓடும். வெயில் ஏறினாலோ நிழலுக்குள் ஒதுங்கியாக வேண்டும். பத்தடி நடக்கும், புல்லைக் கடிக்கும், நிற்கும், திரும்பும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வீட்டைச் சுற்றி 100 அடிதான். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 70 சென்ட். 400 ஏக்கரைத் தேட முடியாது. 70 சென்டைத் தேட முடியும். காணாமல் போன ஆமை தூரத்தில் ஓடிக்கொண்டிருப்பதைவிடப் பக்கத்தில் ஒளிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் நாள்: முறையான தேடல்

1. வீட்டுக்குள்ளிருந்தே தொடங்குங்கள். விறகு அடுக்கு, வைக்கோல் போர், கோழிக்கூண்டின் அடி, கிழிந்த சாக்கு எல்லாவற்றையும் தூக்கிப் பாருங்கள். "போயிடுச்சு" என்று நாம் நினைப்பது பாதி நேரம் போயிருக்காது.

2. ஓரங்களைப் பாருங்கள். ஆமை சுவரிலோ வேலியிலோ முட்டினால் அதை ஒட்டியே நடக்கும். வெளியேறிய சந்திலிருந்து இரண்டு பக்கமும் வேலியோரமாகவே போங்கள். அந்தச் சந்தை அடைக்காதீர்கள். திரும்பி வர வழி வேண்டுமல்லவா?

3. நேரம் பார்த்துத் தேடுங்கள். காலையில் வெயில் படும் பக்கம், நடுப்பகலில் புதரடி நிழல், மாலை நான்கு மணிக்கு மேல் புல்வெளி. மழை விட்ட நேரம் ரொம்ப நல்ல நேரம்.

4. குந்தி உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. தனியாகப் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும் அந்த மஞ்சள் கோடுகள் காய்ந்த புல்லுக்குள் காணாமலே போய்விடும். புதருக்குள் கையை விடும்முன் குச்சியால் தட்டுங்கள். மழைக்காலம், பாம்பு இருக்கும்.

5. இடத்தைப் பட்டை பட்டையாகப் பிரியுங்கள். சர்வே பிராக்டிகலில் செயின் பிடித்து வெயிலில் நின்றபோது "இதெல்லாம் எதுக்கு உபயோகம்?" என்று புலம்பியவன் நான். அன்று கயிறு கட்டி ஐந்தடிப் பட்டைகளாகப் பிரித்தேன். ஆளுக்கு ஒரு பட்டை. முடித்த பட்டைக்குச் சுண்ணாம்புக் கோடு. பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பதும், பார்க்காத இடத்தைப் பார்த்ததாக நினைப்பதும் நின்றுபோனது.

6. சாம்பல் தூவுங்கள். வேலிச் சந்துகளில் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினேன். ஆமை போனால் இரண்டு வரிசையாகக் கால் தடம் விழும். பக்கத்தில் தக்காளியும் செம்பருத்தியும் வைத்தேன். சிவப்பு, மஞ்சள் நிறங்கள் அதன் கண்ணை இழுக்கும்.

7. குழந்தைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் கண் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிக்காதீர்கள். இந்த ஆமையைப் பிடித்து விற்கும் கூட்டம் இருக்கிறது. பெட்டிகளில் அடைத்து வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்ட நட்சத்திர ஆமைகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன.

மூன்றாம் நாள்

விடிந்ததும் பார்த்தேன். பக்கத்து வீட்டு வேலிச் சந்தில் இருந்த சாம்பலில் இரண்டு வரிசைத் தடம்! ஏழு மணி சுமாருக்கு அந்த வீட்டுச் சிறுவன் கத்தினான்: "அண்ணே, கல்லு நடக்குது!"

அவர்கள் வீட்டுப் பனையோலைக் குவியலுக்குப் பின்னால் துரை இருந்தது. எங்கள் சந்திலிருந்து 90 அடிகூட இருக்காது. நான் தூக்கப் போனேன். "தொடாதடா!" என்றார் தாத்தா. அப்போதுதான் கவனித்தேன். அது பின்னங்கால்களால் ஈர மண்ணை மாற்றி மாற்றித் தோண்டிக்கொண்டிருந்தது.

தாத்தா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது பொண்ணுடா. முட்டை போட எடம் தேடியிருக்கு. இத்தனை வருசமா நான் துரைன்னு கூப்பிட்டிருக்கேனே..."

குழி பாதியில் நின்றது. முட்டை எதுவும் இடவில்லை. மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

தேடிக் கிடைத்தது யாருடைய ஆமை?

அன்று மாலை விஷயத்தைக் கேட்ட பள்ளித் தோழன் ஒருவன் தனியே கூப்பிட்டு, "டேய், அதை வீட்டுல வச்சிருக்கறதே குத்தம்டா" என்றான். உண்மைதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நட்சத்திர ஆமையைப் பிடிக்கவோ, வளர்க்கவோ, விற்கவோ கூடாது. 2019இல் நாடுகளுக்கிடையே அதன் வியாபாரமும் சர்வதேச ஒப்பந்தப்படி தடை செய்யப்பட்டது.

தாத்தாவிடம் சொன்னேன். "இந்த வயசுல என்னை ஜெயிலுக்கு அனுப்பப் போறியா?" என்றார். பேசாமல் காட்டில் விட்டுவிடலாம் என்றார் அப்பா. அதுவும் தவறு என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். வீட்டில் வளர்ந்த ஆமைக்கு நோய் இருந்தால் காட்டு ஆமைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். எங்கே விடுவது, எப்போது விடுவது என்பதைத் தெரிந்தவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் காலையில் தாத்தாவே சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்புடா" என்றார். கூடையில் வைக்கோல் போட்டு வனச்சரக அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் முதலில் கோபமாகத்தான் பேசினார். எங்கே கிடைத்தது, எத்தனை வருடம் என்று எல்லாவற்றையும் எழுதி வாங்கினார். பிறகு ஆமையைப் புரட்டி வாலைப் பார்த்துவிட்டு, "பொட்டைதான் பெரியவரே. துணை இல்லாட்டியும் முட்டை போடும். ஆனா அது பொரிக்காது" என்றார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

நண்பர்களே, தேடும் முறையை மேலே வரிசையாக எழுதிவிட்டேன். உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு ஆமை காணாமல் போனால் அது நிச்சயம் உதவும். ஆனால் கிடைத்த பிறகு மறுபடி படலைக் கட்டி உள்ளே விடாதீர்கள். வனத்துறையிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். அது வழி தவறிப் போகவில்லை, வேலையாகப் போயிருக்கிறது.

தாத்தா இன்றும் காலையில் செம்பருத்திப் பூவைப் பறித்து அந்த வேலிச் சந்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். கோழிதான் தின்கிறது. அவரும் அதை விரட்டுவதில்லை.

— இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு