கொள்ளுத்தாத்தா எந்த நாட்டுக்காரர்? தேடுவது எப்படி?

கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்ட காலத்திலிருந்தே ஐரோப்பியர் வந்து போன பகுதி இது. உங்க குடும்பத்திலும் ஒரு வெள்ளைக்கார முன்னோர் உண்டா? அவர் சொந்த ஊரை இப்படித் தேடலாம்.

1. வீட்டிலிருந்து தொடங்குங்க. ஞானஸ்நானச் சான்று, கல்லறை எழுத்து, பழைய பைபிளில் எழுதிய பெயர்கள் எல்லாத்தையும் போனில் படம் எடுங்க.

2. மாவட்டம் பாருங்க. தென்காசி தனி மாவட்டமானது 2019-ல்தான். பழைய ஆவணங்களைத் திருநெல்வேலி என்றே தேடணும். செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி, அதாவது கேரளப் பக்கம்.

3. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ‘ஃபிபிஸ்’ இணையதளத்தில் இலவசமாகப் பெயர் தேடலாம்.

4. அவர் சிப்பாயா? கம்பெனிப் படைப் பதிவேடுகளில் பிறந்த ஊர் கிடைக்க வாய்ப்புண்டு.

பெயர் ஒன்றாக இருந்தாலே நம்ம ஆள்னு முடிவு கட்டாதீங்க. வயது, தொழில், மனைவி பெயர் பொருந்தணும்.

அவர் மணந்த உள்ளூர்ப் பெண்ணின் சொந்தப் பெயர் பதிவில் இல்லாமல் போகலாம். அது பெரியவங்க நினைவில்தான் இருக்கும். இன்னைக்கே கேட்டு, குரலைப் பதிவு பண்ணி வைங்க.