அறிவிப்பு எந்தக் கம்பியில் வரவேண்டும்?

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் புதன்கிழமை மதியம் 1.30 மணிக்கு சூக் நகரிலும் சுவிட்சர்லாந்தின் மற்ற ஊர்களிலும் அபாயச் சங்கு ஊதுகிறது. அது சோதனை. உண்மையான ஆபத்தில் சங்கு ஊதினால் வானொலியைக் கேட்க வேண்டும். எந்த வாசல் வழியாக வெளியேறுவது என்று சங்கால் சொல்ல முடியாதே! கட்டடத்துக்குள் அதைச் சொல்வது ஒலிபெருக்கிதான். அந்தக் குரலைக் கொண்டுசெல்ல இரண்டு வழிகள்: பழைய ஆம்ப்ளிஃபையர் முறை, நெட்வொர்க் வழியாக ஒலி அனுப்பும் இணைய முறை.

பழைய முறை நம் திருவிழா மைக் செட்டைப் போன்றதே. ஆம்ப்ளிஃபையர் ஒலியை 100 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பும். ஒவ்வொரு ஒலிபெருக்கிப் பெட்டியிலும் உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக்கொள்ளும். ஒரே திறனுக்கு மின்னழுத்தம் கூடும்போது மின்னோட்டம் குறைகிறது. 500 வாட்டுக்கு 5 ஆம்பியர் போதும். ஆகவே மெல்லிய கம்பியிலேயே நெடுந்தூரம் ஒலி போகும். ஆனால் ஒரே இணைப்பில் கோத்த பெட்டிகள் எல்லாம் ஒரே அறிவிப்பைத்தான் சொல்லும். மூன்றாம் மாடிக்கு மட்டும் பேச, தனிக் கம்பி இழுத்திருக்க வேண்டும்.

இணைய முறையில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி முகவரி உண்டு. எந்த அறைக்கு எந்த அறிவிப்பு என்பதைக் கணினியிலேயே மாற்றலாம். பெட்டி பழுதானால் அதுவும் கணினியில் தெரியும். நெட்வொர்க் கம்பியே மின்சாரமும் தருகிறது. ஆனால் 2003-இல் வந்த தரப்படி கருவிக்குக் கிடைப்பது 12.95 வாட்தான், கம்பியின் நீளமும் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்டிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். பக்கத்துப் பெட்டி 50 மில்லிவினாடிக்கு மேல் பிந்தினால் காதுக்கு எதிரொலி கேட்டு, சொல் குழம்பும்.

எனக்குக் கவலை தருவது வேறு. 2021 ஜூலை 8 இரவு சுவிஸ்காம் என்ற சுவிஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பில் கோளாறு ஏற்பட்டு, நாட்டின் பல பகுதிகளில் அவசர எண்களே எட்டாமல் போயின. கட்டடத்துக்குள் இருக்கும் நெட்வொர்க் தனியானது என்பது சரி. ஆனால் மின்வெட்டில் ஒரு மாடியின் நெட்வொர்க் கம்பிகளை இணைக்கும் ஸ்விட்ச் அணைந்தால், அதை நம்பியிருக்கும் எல்லாப் பெட்டிகளும் ஊமையாகிவிடும். பழைய முறையில் மின்வெட்டிலிருந்து காக்க வேண்டியது ஆம்ப்ளிஃபையர் அறை ஒன்றைத்தான்.

பள்ளி மணிக்கும் அன்றாட அறிவிப்புக்கும் இணைய முறையைத் தயங்காமல் வாங்கலாம். தீ விபத்தில் மக்களை வெளியேற்றும் குரலுக்கு, கட்டடங்களுக்கு இடையே நெட்வொர்க், உள்ளே பேட்டரி தாங்கும் 100 வோல்ட் கம்பி என்ற கலப்பே என் தேர்வு. அருகருகே உள்ள பெட்டிகளை இரண்டு தனி இணைப்புகளில் மாற்றி மாற்றிக் கோத்தால், ஒன்று அறுந்தாலும் மற்றது பேசும். முழுவதும் இணைய முறைதான் வேண்டும் என்பவர்கள், விலை கேட்கும் முன் ஒவ்வொரு ஸ்விட்சும் மின்வெட்டில் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.